ஏசியின் நீலக் காயில் ஈரத்தை உறிஞ்சுமா? ஒரு பலகார அறையும் இரண்டு பழைய ரேடியேட்டரும்

அக்டோபர் 24, காலை (தேவகோட்டை வாசகர் கேட்டது)

அண்ணே, எங்கள் ஆத்தா முறுக்கு, சீப்புச் சீடை, மணவோலம் போட்டு விற்கிறார்கள். பாக்கெட் போடும் அறை பத்துக்குப் பன்னிரண்டு. ஐப்பசி பிறந்தால் போதும், காலையில் போட்டது சாயங்காலத்துக்குள் நமுத்துப் போகிறது. ஒன்றரை டன் ஏசி இருக்கிறது, பிரயோஜனம் இல்லை. புது ஏசி விற்க வந்தவர் நீல ஃபின் மாடலைக் காட்டி "இது ஈரம் உறிஞ்சும் கோட்டிங், மூவாயிரம் கூட ஆகும்" என்கிறார். வாங்கலாமா?

அக்டோபர் 24, இரவு

மூவாயிரத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஏசிக்குள் இருக்கிற குழாய்ச் சுருள்தான் காயில், அதன் மேல் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகள் ஃபின். நீல ஃபின் ஈரத்தை உறிஞ்சாது. காயிலில் சேரும் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவி வழிந்து போவதற்கும், அலுமினியம் சீக்கிரம் அரிக்காமல் இருப்பதற்கும்தான் அந்தப் பூச்சு. ஃபின்னுக்கு ஃபின் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான், அங்கே துளி நின்றால் பாலம் மாதிரி சேர்ந்துகொண்டு காற்றை மறிக்கும். நீலம், தங்கம் எல்லாம் சாயம். இருபது வருஷமாகக் காயில் கழுவுகிறேன், எந்த நிறத்தைக் கழுவினாலும் வருகிற அழுக்குத் தண்ணீர் ஒரே நிறம்.

ஆனால் நிஜமாகவே ஈரம் உறிஞ்சும் பூச்சு பூசிய காயில் என்று ஒன்று உண்டு. அது வேறு ரகம். நானே ஒன்று செய்து பார்த்துக் கெடுத்தும் வைத்திருக்கிறேன். நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கரண்ட் போய் வந்துகொண்டிருக்கிறது.

அக்டோபர் 25

முதலில் உங்கள் ஏசி ஏன் கைவிடுகிறது என்று பார்ப்போம். ஏசி காற்றை உலர்த்துவது ஒரே வழியில்தான்: காயிலைக் காற்றின் பனிநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே குளிர வைத்தால் ஈரம் தண்ணீராகக் கொட்டும். முறுக்கு அறைக்கு 25 டிகிரி, 45 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று வையுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை கிட்டத்தட்ட 12 டிகிரி. அப்படியானால் காயில் எட்டு டிகிரிக்காவது இறங்கி, அங்கேயே நின்று ஓட வேண்டும். சித்திரையில் ஓடும், வெயில் அதை ஓட வைக்கும். ஐப்பசியில் அறை ஏற்கெனவே 25 டிகிரியில் இருக்கிறது. கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு "வேலை முடிந்தது" என்று நின்றுவிடும். உள்ளே ஃபேன் மட்டும் ஓடும். அப்போது காயிலில் ஒட்டியிருக்கிற தண்ணீர் திரும்ப ஆவியாகி அறைக்கே வந்துவிடும். பிடித்ததை அவிழ்த்து விடுகிற கதை.

இன்வெர்ட்டர் ஏசி நிற்காதே என்று ஒருவர் உடனே கேட்டார். நிற்காது, ஆனால் மெதுவாக ஓடும், காயில் அத்தனை குளிராது. ட்ரை மோடு கொஞ்சம் உதவும். அதிலும் அறை இருபதுக்கு இறங்கிவிடும், பாக்கெட் போடுகிற ஆத்தாவுக்குக் கை விறைக்கும்.

அக்டோபர் 26

சிலிக்கா ஜெல் பற்றி. செருப்புப் பெட்டியில் வருமே, அதே சரக்கு. பஞ்சு தண்ணீரை இழுக்கிற மாதிரி அல்ல இது. உள்ளே இருக்கிற நுண்துளைகளின் சுவரில் நீராவி போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கிராமுக்குள் சில நூறு சதுர மீட்டர் பரப்பு. நம் ஊர் வளவு வீடு ஒன்றின் தரை முழுவதையும் மடித்து ஒரு சிட்டிகைக்குள் வைத்தது போல.

"அப்படியானால் ஒரு மூட்டை ஜெல் வாங்கி ஃபேன் முன்னால் வைத்தால் போதாதா?" இதைத்தான் நானும் முதலில் செய்தேன். கால் மணி நேரத்தில் காற்று சுடச்சுட வந்தது. நீராவி ஒட்டும்போது அதன் மறைவெப்பத்தை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது, கிராமுக்கு 2.6 கிலோஜூல் அளவில். ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் ஈரத்தை எடுத்தால் காற்று இரண்டரை டிகிரி சூடாகும். மழைநாளில் 25 டிகிரி, 90 சதவீதக் காற்றில் கிலோவுக்கு 18 கிராம் நீராவி இருக்கும், நமக்கு வேண்டியது 9. ஒன்பது கிராம் எடுத்தால் காற்று 48 டிகிரியைத் தொடும். சூடான ஜெல் ஈரத்தைப் பிடிக்காது, பிடித்ததையே விட்டுவிடும். தன் சூட்டில் தானே வெந்துபோகிற சரக்கு. மருந்துக் கம்பெனிகளில் இருக்கிற பெரிய சுழல் சக்கர யந்திரங்களிலும் இதே தலைவலி உண்டு, உலர்த்திய காற்றை அப்புறம் தனியாகக் குளிர்விக்கிறார்கள்.

இங்கேதான் பூச்சு வருகிறது. ஜெல்லை மூட்டையாக வைக்காமல், ரேடியேட்டர் ஃபின் மேல் கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பூசிவிடு. குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீரை ஓட விடு. ஈரம் ஒட்டும் அந்த இடத்திலேயே சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போகும். நிறைந்ததும் அதே குழாயில் வெந்நீரை விட்டு, வெளிக்காற்றை மேலே ஊதினால் ஈரம் கழன்று போகும். இரண்டு ரேடியேட்டர் வைத்தால் ஒன்று பிடிக்கும்போது மற்றது விடும், சில நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஜெல்லைக் காயவைக்க 120 டிகிரியாவது வேண்டும் என்பதால் வெந்நீர் போதாது, ஹீட்டர் வேண்டியிருக்கும்.

அக்டோபர் 29

மேலே கடைசி வரி தப்பு. மூட்டையில் கிடக்கும் ஜெல்லை ஓவனில் வைத்துச் சீக்கிரம் காயவைக்கத்தான் 120. சிலிக்கா ஜெல் கிராம் கணக்குப் பார்ப்பதில்லை, தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பத சதவீதத்தைத்தான் பார்க்கிறது. 30 டிகிரி, 80 சதவீதக் காற்றை எடுத்து ஒரு சொட்டு ஈரமும் குறைக்காமல் 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே காற்று 17 சதவீதமாகிவிடும். 50 டிகிரிக்கே 27 தான். எண்பதில் நின்ற ஜெல்லுக்கு அது பாலைவனம். மெல்லிய பூச்சாக இருப்பதால் சூடும் உடனே போய்ச் சேருகிறது. ஆகவே மொட்டைமாடி சோலார் வெந்நீரே போதும். இந்த விஷயத்தை ஒழுங்காகப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆனது, அதனால்தான் கை பழக்கத்தில் பழைய தப்பையே எழுதிவிட்டது.

நவம்பர் 2

என் ரேடியேட்டர் கதை. பழைய இரும்புக் கடையில் கார் ரேடியேட்டர் இரண்டு, அலுமினியம், எடை போட்டு வாங்கினேன். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் லேசாகக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். ஜெல்லை மிக்சியில் பொடியாக்கி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து அதில் கலந்து, முக்கி எடுத்துத் தொங்கவிட்டேன். காய்ந்ததும் 310 கிராம் ஏறியிருந்தது. பார்க்க சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஜோராக இருந்தது.

ஒரு ராத்திரி மழைக்காற்றில் வைத்து எடை போட்டேன். 40 கிராம்தான் ஏறியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் அதே எடைக்குப் பூசாத மணி ஜெல்லைப் பரப்பி வைத்திருந்தேன், அது தொண்ணூறு கிராமைத் தாண்டிவிட்டது. ஃபெவிகால் துளைகளின் வாயை அடைத்துவிட்டது. பசையைக் குறைத்தால் பொடி உதிர்கிறது, கூட்டினால் மூச்சு முட்டுகிறது. பூச்சு வேலையின் பாதிப் பாடு இந்தப் பசையில்தான் இருக்கிறது. அதுவும் தண்ணீரில் கரையும் பசை. நாலாம் நாள் கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது, வாடையும் வேறு.

நவம்பர் 3

மிக்சி பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆம், வீட்டு மிக்சிதான். ஆம், தெரிந்துவிட்டது. புதுசு வாங்கிக் கொடுத்தாயிற்று. விளையாட்டில்லாமல் ஒன்று, அந்தத் தூசி மூச்சுக்குள் போகக்கூடாது, முகமூடி இல்லாமல் அரைக்காதீர்கள். நீல மணி ஜெல்லைத் தொடவே வேண்டாம், அதன் நிறம் கோபால்ட் குளோரைடு. தின்பண்டம் இருக்கிற இடத்தில் அதற்கு வேலை இல்லை.

நவம்பர் 9

இரண்டாம் தடவை பசைக்குப் பதில் சிலிக்கா சால் என்று ஒரு பால் மாதிரிக் கரைசல் வாங்கிப் பூசினேன். பசையே சிலிக்காவாக இருப்பதால் துளை அவ்வளவாக அடைபடவில்லை. ராத்திரிக் கணக்கு எண்பது கிராமுக்கு வந்தது. இப்போது ஃபேனையும் தண்ணீரையும் இணைத்து ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் பிடித்தது ஏறக்குறைய 30 கிராம். முதல் இரண்டு மூன்று நிமிஷம்தான் வேகம், அப்புறம் சோம்பல்.

வெந்நீர்க் கணக்கு: 30 கிராமை விரட்ட 78 கிலோஜூல். இரண்டு கிலோ அலுமினியத்தை 30 டிகிரி ஏற்ற 54. ஆக, கொடுத்த சூட்டில் பாதிக்கு மேல் உருப்படியான வேலைக்குப் போகிறது. பரவாயில்லை என்று தோன்றியது.

நவம்பர் 10

பரவாயில்லை என்றதை வாபஸ் வாங்குகிறேன். குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒன்றரை லிட்டர். அதை 30 டிகிரி ஏற்ற 189 கிலோஜூல்! மொத்தம் 321இல் 78, நாலில் ஒரு பங்கு கூட இல்லை. மிச்சமெல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உலோகத்தையும் தண்ணீரையும் சுடவைத்து ஆறவைத்து விளையாடியது. கார் ரேடியேட்டரைத் தேர்ந்தெடுத்ததே தப்பு, மெல்லிய குழாய்க் காயில் வேண்டும்.

பூச்சைத் தடிமனாக்கினால் உலோகத்தின் பங்கு குறையுமே என்றால், குறையும்தான். ஆனால் அடியில் இருக்கிற ஜெல் வரை ஈரம் போய்ச் சேர நேரமாகும், ஃபின் இடைவெளியும் குறுகும், ஃபேன் முனகும். மெல்லியதாக்கினால் வேகம் உண்டு, கொள்ளளவு இல்லை. இந்த இழுபறியில் யாருக்கும் இலவசச் சாப்பாடு கிடையாது.

நவம்பர் 16

கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒருவர்: "முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் போட்ட நம் சுண்ணாம்புப் பூச்சுதான் உலகத்தின் முதல் ஈரம் உறிஞ்சும் பூச்சு, இதற்கு எதற்கு ரேடியேட்டர்?"

பெருமை சரி, கணக்கு சரியில்லை. அந்த மேல்பூச்சைக் கல் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்குவதே தண்ணீர் இறங்காமல் இருக்கத்தான். ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்வது அதற்குப் பின்னால் இருக்கும் தடித்த செங்கல் சுண்ணாம்புச் சுவரும், பர்மா தேக்குத் தூணும், கூரை மரமும். அவை ராத்திரி வாங்கியதைப் பகலில் கொடுக்கும், ஒரு மாதம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் அவையும் நிறைந்து உட்கார்ந்துவிடும். வேலை செய்வது என்னவோ முற்றம்தான், காற்றை ஓட விடுகிறது. முற்றத்துக் காற்றில் முறுக்குப் பாக்கெட் போட முடியாது, அவ்வளவுதான் விஷயம். மழைநாளில் ஆத்தங்குடித் தரை வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, பனிநிலைக்குக் கீழே இருக்கும் தரையில் காற்று தண்ணீரைக் கொட்டுகிறது. உங்கள் ஏசி காயில் செய்வதும் அதைத்தான், தட்டு வைத்துப் பிடிக்கிறார்கள்.

நவம்பர் 23

கால்சியம் குளோரைடு. அலமாரியில் வைக்கிற ஈரம் பிடிக்கும் டப்பாவில் இருக்கிறதே, அடியில் தண்ணீர் சேருமே, அது. ஜெல் துளைக்குள் இதைக் கொஞ்சம் ஊறவைத்தால் பிடிக்கும் அளவு பலமாகக் கூடும் என்று படித்துவிட்டு ஒரு ரேடியேட்டருக்கு அடித்தேன். கூடியது, நிஜமாகவே கூடியது. மூன்றாம் வாரம் ஃபின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது, குண்டூசி நுழைகிற குழிகள். உப்பு அளவுக்கு மீறி ஈரம் குடித்தால் தானே கரைந்து வழிந்துவிடுகிறது. வழிந்த குளோரைடு அலுமினியத்தைச் சும்மா விடுமா?

பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் நம் ஊர் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட இடம். உலோகம் ஏன் அரிக்கிறது என்பதையே படிப்பாகப் படித்தவர்கள் இருக்கிற தெருவில் உட்கார்ந்து அலுமினியத்துக்கு உப்புப் பூசியிருக்கிறேன். "கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். கேட்கவில்லை.

டிசம்பர் 1

2025இல் வேதியியல் நோபல் கிடைத்த சரக்கைப் பூசினால் என்ன என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டிருக்கிறான். கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தது. உலோக அயனிகளை கரிமத் துண்டுகளால் இணைத்துக் கட்டிய கூடு மாதிரியான பொருள்கள். நல்ல கேள்வி. சிலிக்கா ஜெல் ஈரப்பதம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். இந்த வகையில் சில, அலுமினியம் ஃபியூமரேட் மாதிரி, 25–30 சதவீதம் வரை சும்மா இருந்துவிட்டு அங்கே வந்ததும் திடீரென்று வாரிக்கொள்ளும். படிக்கட்டு ஏறுகிற மாதிரி. நம் பிடிக்கும் நிலைக்கும் விடும் நிலைக்கும் நடுவே அந்தப் படி விழுந்தால் குறைந்த சூட்டில் முழுக் கொள்ளளவும் வேலைக்கு வரும். ஜியோலைட் என்கிற நுண்துளைக் கனிமத்தில் சில வகைகளும் அப்படி. ஆனால் எல்லா ஜியோலைட்டும் அல்ல, 13எக்ஸ் மாதிரியானது ஈரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருநூறு டிகிரி கேட்கும், சோலார் வெந்நீருக்கு அசையாது.

விலையைப் பற்றி நான் பேசவில்லை. நான் இரும்புக் கடை ஆள்.

டிசம்பர் 7

ஒரு பெரிய ஓட்டையை இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லை, எனக்கும் நேற்றுத் தூறலில் மாடி ஏறினபோதுதான் உறைத்தது. நமக்கு ஈரம் தொல்லை தருவது ஐப்பசி கார்த்திகையில். சோலார் வெந்நீர் கிடைப்பது பங்குனி சித்திரையில். தேவைப்படும் நாளில் வெயில் இல்லை! நான் சோதித்ததெல்லாம் மேகம் விலகின மதியங்களில்தான். புத்தியுள்ளவன் இதை முதல் நாளே யோசித்திருப்பான்.

சூடு வேறெங்கே சும்மா கிடக்கிறது? ஏசியின் வெளி யூனிட்டில். அறையிலிருந்து எடுத்த சூட்டையும் கம்ப்ரசருக்குக் கொடுத்த கரண்டையும் சேர்த்து நாள் முழுக்கத் தெருவுக்கு ஊதிக்கொண்டிருக்கிறது. உள் காயில், வெளிக் காயில் இரண்டிலுமே ஈரம் பிடிக்கும் பூச்சைப் பூசிவிட்டு, நாலுவழி வால்வால் சில நிமிஷத்துக்கு ஒருமுறை கேஸ் ஓட்டத்தைத் திருப்பினால், குளிரும் காயில் ஈரத்தைப் பிடிக்கும், சூடாகும் காயில் விடும். காற்று வழியையும் கூடவே மாற்ற வேண்டும். தண்ணீரே வேண்டாம், என்னுடைய அந்த 189 கிலோஜூல் போச்சு. டெய்கின் ஜப்பானில் டெசிகா என்ற பெயரில் இந்த முறையில்தான் யந்திரம் செய்தார்கள். இதில் காயில் எட்டு டிகிரிக்கு இறங்க வேண்டிய அவசியமும் இல்லை; ஈரத்தைத் தண்ணீராக்க வேண்டாம், பூச்சைக் குளிர்ச்சியாக வைத்தால் போதும், பதினைந்து பதினெட்டு இருந்தாலும் நடக்கும். காயில் எவ்வளவு சூடாக இருக்கலாமோ அவ்வளவு கரண்ட் மிச்சம், இது எந்த மெக்கானிக்கும் அறிந்தது.

ஆக, ஈரம் பிடிக்கும் பூச்சு என்பது பாதி யந்திரம். சூட்டைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் ஆள் இல்லாவிட்டால் அது வெறும் சுண்ணாம்பு. நான் முதல் வருஷம் முழுக்கப் பூச்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 14

தேவகோட்டை போய் வந்தேன். ஆத்தா காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, "ஏந் தம்பி, மூவாயிரத்துக்கு வேண்டாம்னு சொல்லிட்டு நீ என்ன கொண்டாந்தே?" என்றார்கள். டேப்பும் ஊதுபத்தியும்.

அறை 1200 கன அடி. உள்ளே இருக்கும் காற்று நாற்பது கிலோ. அதில் கிலோவுக்கு 9 கிராம் வீதம் எடுத்தால் 360 கிராம், ஒன்றரை டம்ளர் தண்ணீர்தான். இதற்கா இவ்வளவு பாடு? ஆனால் கதவடியில் இரண்டு விரல் இடைவெளி, மேலே பழைய காற்றுத் துவாரம் இரண்டு, ஊதுபத்திப் புகை ஊஞ்சல் ஆடிக்கொண்டு உள்ளே போனது. மணிக்கு ஒரு தடவை காற்று முழுக்க மாறினால் நாளைக்கு எட்டரை லிட்டரை வெளியேற்ற வேண்டும். எந்த நிறக் காயிலும் அதோடு போராடி ஜெயிக்காது. துவாரத்தைப் பலகை வைத்து அடைத்து, கதவடிக்கு ரப்பர் பட்டி போட்டோம். இரண்டாவதாக ஒரு சாதாரண ஈரநீக்கி, கம்ப்ரசர் வைத்தது, வாளியில் தண்ணீர் சேருமே அது. பெட்டியில் நாளைக்கு 20 லிட்டர் என்று போட்டிருப்பார்கள், அது 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. நம் 45 சதவீத அறையில் அதில் சிறு பங்குதான் வரும், அடைத்த அறைக்கு அது போதும். அறை இரண்டு மூன்று டிகிரி சூடாகும், அதுவும் நல்லதுக்குத்தான், சூடேறினால் ஈரப்பத சதவீதம் இறங்கும்.

என் பூசிய ரேடியேட்டரை ஏன் அங்கே வைக்கவில்லை என்று கேட்பீர்கள். பொடி உதிரும். தின்கிற பண்டத்தின் மேல் நான் பூசியதை ஊத எனக்கு மனசில்லை.

ஜனவரி 11

தம்பி போன் பண்ணினார். மீட்டர் 46, 48 என்று காட்டுகிறதாம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது பேசினால் அறுபதைத் தொடுகிறதாம். பேசுவது யார் என்று சொல்லவில்லை. ஆத்தா ஒரு சம்படம் மணவோலம் கொடுத்தனுப்பினார்கள், எத்தனை நாள் நமுக்காமல் இருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லி. மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டதால் எழுத ஒன்றும் இல்லை.

சிலிக்கா சால் பூசின ரேடியேட்டரை இன்று கழற்றிப் பார்த்தேன். தட்டையான இடத்தில் பூச்சு அப்படியே இருக்கிறது, ஃபின் மடிப்பில் மட்டும் செதில் செதிலாக எழும்புகிறது. அலுமினியமும் பூச்சும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, மடிப்பில் பூச்சு தடிமனாகவும் தேங்கியிருந்தது. அடுத்த தடவை முக்கி எடுத்ததும் ஊதிவிட வேண்டும். கோடையில் ஒரு டன் ஸ்ப்ளிட் ஒன்றைப் பிரித்து இரண்டு காயிலுக்கும் பூசப் போகிறேன். கழற்றிப் போட்ட நாலுவழி வால்வு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வால்வின் மின்சுருள் போயிருந்தாலும் பரவாயில்லை, உள் பிஸ்டன் ஒட்டாமல் இருந்தால் போதும்.